பிர்கி: பிசினைக் காக்க எழுந்த ஊர்

ஈஜியன் கடலின் கிழக்கோரத்தில், ஆசியா மைனர் கரைக்கும் தனக்கும் நடுவே, மிகக் குறுகிய இடத்தில் சுமார் ஏழு கிலோமீட்டர் அகலமேயுள்ள ஒரு ஜலசந்தியை விட்டுக் கிடக்கும் கியோஸ் தீவு, ஏறக்குறைய 842 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. கிரேக்க தேசத்துத் தீவுகளுள் அளவால் ஐந்தாவது. அதன் வடபாதியைப் பெலினேயோ என்னும் மலையும் அதன் கிளைகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. 1,297 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்திலிருந்து தெற்கு நோக்கி வரவர மலைகள் தாழ்ந்து குன்றுகளாகி, குன்றுகள் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வறண்ட மேட்டு நிலங்களாகி, இறுதியில் கரடுமுரடான ஒரு கடற்கரையில் முடிகின்றன. கோடை அங்கே நெடியது. மழை பெரும்பாலும் குளிர்காலத்துக்கே உரியது. இந்தத் தென்பகுதியில், கடலில் செல்பவர் கண்ணுக்குத் தென்படாதபடி குன்றுகளுக்கு இடையில் அமைந்த ஒரு தாழ்நிலத்தில், தீவின் தலைநகரிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், பிர்கி என்ற கிராமம் இருக்கிறது. அந்தப் பிரதேசத்துக் கிராமங்கள் இருபத்து நான்குக்கும், மஸ்தகி என்னும் மரப்பிசினை ஒட்டி, மஸ்தகிக் கிராமங்கள் என்பது பொதுப்பெயர். அவற்றுள் பெரியது பிர்கி.

இந்த ஊரைப் பற்றி எழுதியவர்களில் பலர் அதன் வீட்டுச் சுவர்களில் கீறப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைச் சித்திர வரிகளில் மனத்தைப் பறிகொடுத்து, அவற்றின் அழகை வருணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அவ்வழகு மெய்யானதுதான், அதைப் பற்றிப் பின்னர் நானும் சொல்லப் போகிறேன். ஆனால் ஊரின் மதில், அதன் வாயில், வீதிகளின் குறுக்கம், வீடுகளின் கூரை மட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் காரணம் தேடிப் போகிறவர், கடைசியில் ஊருக்கு வெளியே நிற்கும் ஆளுயரத்துக்குச் சற்றே மேற்பட்ட ஒரு சிறு மரத்தின் அடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். ஒரு விளைபொருளின் ஏகபோக வியாபாரம், அதை விளைவித்த ஜனங்களின் குடியிருப்பைக் கல்லும் சுண்ணாம்புமாகத் தன் தேவைக்கேற்ப வகுத்துக்கொண்டதற்குப் பிர்கியைவிடத் தெளிவான சாட்சி மத்தியதரைக் கடற் பிரதேசத்தில் அருமை என்பது என் அபிப்பிராயம்.

அந்த மரம் பிஸ்தாவின் நெருங்கிய உறவு. மாவும் முந்திரியும் அடங்கிய அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. முறுக்கேறிய அடிமரமும், பளபளப்பான சிறு இலைகளும், தரையை நோக்கிக் கவியும் கிளைகளும் உடையது; சாதாரணமாக இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வளர்வதில்லை; நூறாண்டுக்கு மேலும் உயிர் வாழும். இதன் காட்டு இனம் ஸ்பெயின் முதல் சிரியா வரை மத்தியதரைக் கடலைச் சுற்றிப் புதராக மண்டிக் கிடக்கிறது. எனினும் பட்டையைக் கீறினால் தெளிந்த துளிகளாகப் பிசின் வடிந்து, அது காற்றில் இறுகி, வியாபாரத்துக்குத் தகுந்த மஸ்தகியாக ஆவது கியோஸ் தீவில், அதுவும் அதன் தென்பகுதியில் மட்டுமே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. மண்ணும் வறண்ட கோடையும் இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். அது உண்மையில் ஒரு பாதியே என்று கருதுகிறேன். அங்கே பயிரிடப்படுபவை ஆண் மரங்கள். விதையிலிருந்து அல்ல, நன்கு பிசின் தரும் மரத்திலிருந்து வெட்டிய கிளையை நட்டே அவற்றைப் பெருக்குகிறார்கள். அப்படியானால் இன்று நிற்கும் ஒவ்வொரு மரமும், பல நூற்றாண்டுகளாகப் பெயர் தெரியாத குடியானவர்கள் இது நல்லது, இது ஆகாது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்த ஒரு வமிசத்தின் கிளையாகிறது. இயற்கையின் வரம் என்று சொல்லப்படுவதில் மனிதனின் பொறுமைக்கும் பெரும் பங்கு உண்டு. தீவின் ஜனங்களோ வேறொரு காரணம் சொல்வார்கள். ரோமச் சக்கரவர்த்தி டீசியஸின் காலத்தில், 251ஆம் ஆண்டில், இசிதோர் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் தம் மதத்தைத் துறக்க மறுத்து இத்தீவில் கொல்லப்பட்டபோது, மரங்கள் அழுது வடித்த கண்ணீரே மஸ்தகி என்பது அவர்கள் ஐதிகம். ஆனால் அதற்கு ஏறக்குறைய இரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோம நூலாசிரியர் பிளினியும் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸும் கியோஸின் மஸ்தகியைத் தம் நூல்களில் குறித்திருக்கிறார்கள்.

பிர்கி நிற்கும் நிலத்தில் மனித வாசம் அந்த ஊரைவிட மிகப் பழமையானது. ஊருக்குத் தெற்கே எம்போரியோ என்னும் சிறு துறைமுகம் இருக்கிறது. பண்டைக்காலத்தில் அவிந்துபோன ஓர் எரிமலையின் மிச்சமாக அதன் பக்கத்துக் கடற்கரை முழுவதும் கரிய கூழாங்கற்கள் பரந்து கிடக்கும். 1952 முதல் 1955 வரை சின்க்ளேர் ஹூட் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளரின் தலைமையில் அங்கே தோண்டியபோது, புதிய கற்காலம் தொடங்கி வெண்கலக் காலம் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த குடியிருப்புகள் வெளிப்பட்டன. அருகிலுள்ள குன்றின் சரிவில், ஜான் போர்ட்மன் ஆராய்ந்த இடத்தில், கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தோன்றி ஏறக்குறைய கி.மு. 600இல் கைவிடப்பட்ட ஒரு கிரேக்கக் கிராமம், தன் வீடுகளோடும், தலைவனின் மண்டபத்தோடும், அதீனா தேவியின் ஆலயத்தோடும் கண்டெடுக்கப்பட்டது. மேற்கே ஃபானா என்னும் விரிகுடாவில் அப்போலோவுக்கு ஒரு கோயில் இருந்தது; பெலொப்பொனீசிய யுத்தத்தின்போது, கி.மு. 412இல், ஆதென்ஸ் படையினர் கியோஸ் மக்களை முறியடித்த இடங்களுள் ஒன்றாகக் கிரேக்கச் சரித்திராசிரியர் துசிதிதீஸ் அவ்வூரைக் குறிப்பிடுகிறார். இவையெல்லாம் கடலை நோக்கிய குடியிருப்புகள். பிற்காலத்துப் பிர்கியோ கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டில் ஒளிந்து நிற்பது. அந்த மாற்றத்தின் சரித்திரமே இவ்வூரின் சரித்திரம்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைசாந்திய சாம்ராஜ்யம் தளர்ந்துகொண்டிருந்தது. துருக்கியக் கடற்கொள்ளையரைத் தடுக்கும் சக்தி அதற்கில்லை என்பதைச் சாக்காக வைத்து, ஜெனோவா நகரத்துப் பிரபுவும் வணிகருமான பெனெதெத்தோ சக்காரியா 1304இல் கியோஸைக் கைப்பற்றினார். 1329இல் சக்கரவர்த்தி அதை மீட்டார். பிறகு 1346இல் சிமோனே விக்னோசோ என்ற தளபதி 29 கப்பல்களோடு வந்து தீவை மீண்டும் ஜெனோவாவின் வசமாக்கினார். அந்தக் கப்பல்கள் அரசாங்கப் பணத்தில் கட்டப்பட்டவை அல்ல. தனிமனிதர்கள் தங்கள் முதலைப் போட்டு ஆயத்தம் செய்தவை. செலவைத் திருப்பிக் கொடுக்கக் கஜானாவில் பணமில்லாமற்போகவே, தீவின் வருமானத்தையும் நிர்வாகத்தையும் அந்த முதலாளிகளிடமே ஜெனோவா ஒப்படைத்துவிட்டது. மாவோனா என்று பெயர் பெற்ற அந்தப் பங்குதாரர் சங்கம், கிழக்கிந்தியக் கம்பெனிகள் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே, லாபத்துக்காக ஒரு தேசத்தை ஆண்ட கம்பெனியாகும். 1362க்குப் பின் அதன் பங்காளிகள் யாவரும் ஜூஸ்தினியானி என்ற ஒரே குடும்பப் பெயரைத் தரித்துக்கொண்டார்கள். கப்பம் முதலில் பைசாந்தியத்துக்கும் பின்னர் துருக்கிக்கும் செலுத்தப்பட்டதாயினும், இருநூற்றிருபது ஆண்டுக் காலம் கியோஸின் உண்மையான எஜமானர்கள் இவர்களே.

இவர்களுடைய வருமானத்தின் ஆணிவேர் மஸ்தகி. வாயில் இட்டு மெல்லவும், வயிற்று நோய்க்கு மருந்தாகவும், வாசனைத் திரவியமாகவும், வர்ணப் பூச்சுக்கு மெருகாகவும் மேற்கே பிளாண்டர்ஸ் முதல் கிழக்கே டமாஸ்கஸ், அலெக்சாந்திரியா வரை அது தேவைப்பட்டது. யுனானி வைத்தியத்தின் வழியே ரூமி மஸ்தகி என்ற பெயரில் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் அது இடம்பெற்றது. விளைவது உலகில் ஓரிடத்தில் மட்டும், வேண்டுவோர் எங்கும். இந்த நிலையில் வியாபாரிக்கு வேண்டியவை இரண்டே: சரக்கு வேறு வழியில் ஒரு துளியும் வெளியேறக் கூடாது, சந்தைக்குச் செல்லும் அளவு தன் கையில் இருக்க வேண்டும். மாவோனா இரண்டையும் சாதித்தது. உலகச் சந்தையைப் பிரதேசங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வணிகக் குழுக்களிடம் உரிமையை விற்றார்கள். விளைச்சல் மிகுந்த ஆண்டில் விலை இறங்காதிருக்கும் பொருட்டு மிஞ்சியதைக் கொளுத்தவும் தயங்கவில்லை. திருடியவனுக்கும், திருட்டுச் சரக்கை வாங்கியவனுக்கும், எடைக்கு ஏற்றபடி காதையும் மூக்கையும் அரிவது முதல் தூக்குத் தண்டனை வரை விதித்தார்கள். தன் தோட்டத்தில் தன் கையால் கீறி எடுத்த பிசினில் ஒரு பிடியை ஒளித்துவைத்த குடியானவனும் அச்சட்டத்தின்படி திருடனே. மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ் 1493இல் எழுதிய பிரசித்தமான கடிதத்தில், அதுவரை கியோஸில் மட்டுமே கிடைத்துவந்த மஸ்தகி புதிய நாட்டிலும் கிடைக்கும் என்று அரசருக்கு ஆசை காட்டுகிறார். கியோஸின் ஆட்சியாளர்கள் தம் மனம் போன விலைக்கு அதை விற்றுவருவதையும் குறிப்பிடுகிறார். இளமையில் கியோஸுக்குச் சென்றவராதலால் அவர் அறிந்து சொன்னதே அது. அவருடைய உறவினர் வீடு என்று பிர்கியில் ஒரு வீட்டைக் காட்டுவது உண்டு. அதை உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடையாது. அவ்வூருக்கும் கொலம்பஸுக்கும் உள்ள மெய்யான சம்பந்தம் அந்தக் கடிதத்தில் வரும் விலைப் பேச்சுதான்.

பிர்கியின் அமைப்பை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊர் ஏறக்குறைய ஒரு நாற்கோணம். தனியாக மதில் என்று ஒன்று எழுப்பப்படவில்லை. எல்லையில் நின்ற வீடுகள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று ஒட்டி, அவற்றின் பின்சுவர்களே மதிலாக அமைந்தன. அந்தச் சுவர்களில் வெளிப்புறம் பார்த்த ஜன்னல் கிடையாது. மூலைகளில் வட்டக் கோபுரங்கள். ஊரின் நடுவே, ஆதியில் 18 மீட்டர் உயரம் இருந்ததாகச் சொல்லப்படும் பெருங்கோபுரம். அதன் பெரும் பகுதி இன்று இடிந்துவிட்டது, மிச்சம் நிற்கிறது. வீதிகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போகும் அளவுக்கே அகலமானவை. வளைந்து வளைந்து சென்று, புதியவனை முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடுபவை. இரு பக்கத்து வீடுகளையும் இணைத்து வீதிக்கு மேலே கல்வளைவுகள் செல்கின்றன; பூகம்பம் அடிக்கடி வரும் தேசத்தில் சுவர்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதற்கு அவை உதவின. வீடுகள் யாவும் இரண்டு தட்டு, கீழே கழுதையும் ஆடும், திராட்சை ரசமும் எண்ணெயும், கருவிகளும், மேலே குடும்பம். வெளியே ஜன்னல் இல்லாத வீட்டுக்கு வெளிச்சம் வேண்டுமே என்பதற்காக, மேல் தட்டின் நடுவில் பூந்தி என்று அவர்கள் சொல்லும் ஒரு திறந்த முற்றத்தை வைத்தார்கள். அறைகள் அதைச் சுற்றி அமைந்து, வானத்திலிருந்து வெளிச்சத்தைப் பெற்றன. கூரைகள் கல்லால் வளைத்துக் கட்டி மேலே தட்டையாக்கப்பட்டவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். பகைவர் வாயிலை உடைத்து நுழைந்தால், ஜனங்கள் வீதியில் இறங்காமலே கூரைக்குக் கூரை தாவி நடுக்கோபுரத்தை அடைந்துவிடலாம்.

கடற்கொள்ளையருக்கு அஞ்சி இப்படிக் கட்டினார்கள் என்பது வழக்கமான விளக்கம். அச்சம் பொய்யல்ல, கடற்கரை நெடுகிலும் காவற்கோபுரங்கள் நின்று, பகலில் புகையாலும் இரவில் நெருப்பாலும் செய்தி அனுப்பின. ஆயினும் கொள்ளையர் வடபகுதிக் கரைகளையும் விட்டுவைக்கவில்லை. அங்குள்ள கிராமங்கள் மலைச்சரிவில் தம் விருப்பம்போல் வளர்ந்து, ஆபத்துக் காலத்தில் ஒதுங்க ஒரு கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டிருக்க, தெற்கிலுள்ள மஸ்தகிக் கிராமங்களில்தான், பிர்கியிலும் மெஸ்தாவிலும் ஒலிம்பியிலும் கலமோத்தியிலும், நூல் பிடித்து வகுத்தாற்போன்ற இந்த மூடிய நாற்கோணம் காணப்படுகிறது. கொள்ளையர் பயம் மட்டுமே காரணமாயின் இவ்வேற்றுமைக்கு இடமில்லை. இரவில் வாயிலைச் சாத்திக் காவல் வைத்தால், வெளியிலிருந்து பகைவன் உள்ளே வர முடியாது. உள்ளேயிருந்து பிசின் மூட்டையும் வெளியே போக முடியாது. ஆட்சியாளனுக்கு இரண்டாவது பயன் முதலாவதைவிடக் குறைந்ததல்ல. குடிகளுக்கு அதே சுவர் பாதுகாப்பாகவும் சிறையாகவும் இருந்தது. அதில் எது அதிகம் என்று அவர்களே பிரித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1566இல் துருக்கியக் கடற்படைத் தலைவன் பியாலே பாஷா பெரிய போர் எதுவுமின்றித் தீவைப் பிடித்துக்கொண்டான். மாவோனா மறைந்தது, ஏகபோகம் மறையவில்லை. மஸ்தகிக் கிராமங்கள் தனி நிர்வாகப் பிரிவாயின. அவற்றின் வரி பணமாக அல்லாமல் பெரும்பாலும் பிசினாகவே வசூலிக்கப்பட்டது. அந்தப் பிசின் இஸ்தாம்பூல் அரண்மனைக்குச் சென்று, அந்தப்புரத்து ஸ்திரீகள் மெல்லுவதற்கும், பண்டங்களுக்கு மணமூட்டுவதற்கும் பயன்பட்டது. அதற்கு ஈடாக இந்த ஊர்களுக்கு மற்றக் குடிகளுக்கு இல்லாத சில சலுகைகள் கிடைத்தன: சில வரிகளிலிருந்து விலக்கு, தங்கள் ஆலய மணியை அடித்துக்கொள்ளும் உரிமை, உள்ளூர் விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சுதந்திரம். வரி வசூலிக்க வந்த ஆகா என்னும் அதிகாரியின் நினைவு இன்றும் அழியவில்லை. மெஸ்தாவிலும் ஒலிம்பியிலும் தவக்காலம் தொடங்கும் திங்கட்கிழமையன்று ஒருவன் ஆகா வேடம் பூண்டு சதுக்கத்தில் நீதிமன்றம் கூட்டி, அகப்பட்டவர்கள்மீதெல்லாம் குற்றம் சாட்டி அபராதம் வசூலிக்கும் வேடிக்கை ஆண்டுதோறும் நடக்கிறது. மூன்று நூற்றாண்டு அச்சத்தை ஒரு சமூகம் தன் பேரப்பிள்ளைகளுக்கு இப்படிச் சிரிப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறது.

சிரிக்க முடியாத ஆண்டு ஒன்று உண்டு. 1821இல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது கியோஸ் வாசிகள் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்கள். 1822 மார்ச்சில் லிகூர்கோஸ் லோகோதேதிஸின் தலைமையில் அண்டைத் தீவாகிய சாமோஸிலிருந்து ஒரு படை வந்திறங்கித் துருக்கியரின் கோட்டையை முற்றுகையிட்டது. அதற்குப் பழிவாங்கத் துருக்கியத் தளபதி காரா அலியின் கடற்படை வந்தது. ஆசியக் கரையிலிருந்து ஆயுதம் தாங்கிய கூட்டங்களும் திரண்டு வந்தன. அதன்பின் நடந்ததை யுத்தம் என்று சொல்வதற்கில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் தீவில் பல்லாயிரக் கணக்கானோர் வெட்டுண்டார்கள். பல்லாயிரக் கணக்கானோர், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும், அடிமைச் சந்தைகளில் விற்கப்பட்டார்கள். தப்பியவர்கள் கிடைத்த படகில் ஏறி ஓடினார்கள். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1824இல் தீட்டிய படம் இந்தக் கொடுமையை ஐரோப்பா முழுவதற்கும் அறிவித்தது. மஸ்தகிக் கிராமங்கள் மட்டும் முதலில் தீண்டப்படவில்லை. பிசின் எடுக்கத் தெரிந்த கைகளை வெட்டிவிட்டால் அரண்மனைக்குப் பிசின் ஏது? குடிகளின் உயிரை அப்போது காத்தது இரக்கமல்ல, அவர்களது தொழில். ஜூன் மாதத்தில் கன்ஸ்தந்தீனோஸ் கனாரிஸ் என்ற கிரேக்க மாலுமி, தீக்கப்பலைக் கொண்டுபோய் முட்டித் துருக்கியத் தலைமைக் கப்பலை எரிக்க, அதில் காரா அலி மாண்டான். அந்த ஆத்திரத்தில் அத்தொழில் தந்த பாதுகாப்பும் கரைந்தது. கொலையும் கொள்ளையும் மஸ்தகிக் கிராமங்களிலும் புகுந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் எஞ்சிய பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். 1850இல் அடித்த கடுங்குளிர் மரங்களைப் பெருவாரியாகக் கருக்கியது. 1881 ஏப்ரலில் வந்த பூகம்பம் தீவின் தென்கிழக்கை நாசமாக்கி ஆயிரக் கணக்கானோரைப் பலிகொண்டது. 1912 நவம்பரில் கிரேக்கக் கடற்படை வந்திறங்கித் தீவு கிரேக்க ராஜ்யத்தோடு இணைந்தது. சுல்தானின் பங்கு ஒழிந்தது என்று குடியானவன் மகிழ்ந்தான். ஆனால் எஜமானன் போன இடத்தில் தரகன் வந்தான். ஒவ்வொரு வீடும் தனித்தனியே தன் சரக்கை விற்க, விலையை வாங்குபவனே நிர்ணயித்தான். இந்த நிலையைத் தீர்த்தது 1938இல் சட்டத்தின் மூலம் ஏற்பட்ட மஸ்தகி உற்பத்தியாளர் சங்கம். கிராமக் கூட்டுறவுகள் யாவும் அதில் கட்டாயமாகச் சேர்ந்தன. விளைந்த மஸ்தகி முழுவதும் அச்சங்கத்தின் வழியாகவே விற்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கம்பெனிக்காகவும் பின்னர் அரண்மனைக்காகவும் அறு நூற்றாண்டு நடந்த அதே ஏகபோகத்தை, அந்த ஆண்டில் விளைவிப்பவர்களே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிர்கியின் சரித்திரத்தில் பெரிய நிகழ்ச்சி எது என்று கேட்டால், 1912ஐ அல்ல, 1938ஐயே நான் சொல்வேன். கொடியும் ராஜ்யமும் மாறியது முன்னதில். குடியானவனின் அடுப்பங்கரை மாறியது பின்னதில்.

இனி, பிசின் எடுக்கும் வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஜூன் மாதத்தில் மரத்தடியைச் சுரண்டிப் புல் பூண்டின்றிச் சமப்படுத்துகிறார்கள். பிறகு சுண்ணாம்புச் சத்துள்ள வெண்மண்ணைச் சலித்து, அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் பரப்பி, தரை மெழுகினாற்போல் ஆக்குகிறார்கள். சிந்தும் பிசின் புழுதியில் ஒட்டாமல் தெளிவாக இறுகுவதற்கு இந்த வெண்தளம். ஜூலை நடுவில் கீறல் ஆரம்பமாகிறது. கூரிய சிறு இரும்புக் கருவியால் முதலில் அடிமரத்தின் கீழ்ப்பகுதியிலும், வாரங்கள் செல்லச் செல்ல மேலே கிளைகளிலுமாக, ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது வரை சின்னஞ்சிறு காயங்களைச் செய்கிறார்கள். ஆழம் கூடினால் மரம் நோயுறும். குறைந்தால் பிசின் வராது. குனிந்தும் மண்டியிட்டும் கவிந்த கிளைகளுக்கு அடியில் புகுந்தும் செய்ய வேண்டிய இந்த வேலையை இயந்திரம் எதுவும் இன்றுவரை மாற்றவில்லை. காயத்திலிருந்து துளித்துளியாகக் கசியும் பால் வெளியே தொங்கி, ஒழுகி, வெண்தளத்தில் சொட்டி, பதினைந்து இருபது நாட்களில் கெட்டிப்படுகிறது. வெயில் ஏறினால் பிசின் இளகி விரலில் ஒட்டுமாதலால் விடியற்காலையிலேயே தோப்புக்குச் சென்று முதலில் பெரிய துண்டுகளையும், பின்னர் துளிகளையும், கடைசியில் மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கூரான கருவியால் நெம்பியும் எடுக்கிறார்கள். மறுபடியும் கீறல், அக்டோபர் வரை இப்படியே. அந்தப் பருவத்தில் ஒரு மழை பெய்தால் சேகரிக்காமல் கிடப்பதெல்லாம் தரம் கெட்டுவிடும். இத்தனைக்கும் பிறகு, நடப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின்பே பிசின் தரத் தொடங்கும் ஒரு மரம், தன் முழுப் பருவத்தில் ஆண்டுக்குத் தருவது சராசரியாக 150 முதல் 180 கிராம்!

குளிர்காலத்தில் வேலை வீட்டுக்குள் வருகிறது. சல்லடையில் சலித்து, இலையும் தூசியும் போக்கி, சோப்பிட்டுக் குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துகிறார்கள். பிறகு பெண்கள் மேஜையைச் சுற்றி அமர்ந்து, துளி ஒவ்வொன்றையும் கையிலெடுத்து, சிறு கத்தியின் நுனியால் அதில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுகிறார்கள். இன்று ஒரு வீட்டில், நாளை அடுத்த வீட்டில் என்று அயலார் கூடிச் செய்யும் இந்த வேலையில் மாதங்கள் கழிகின்றன; ஊர்க்கதைகளும் பழைய பாட்டுகளும் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சென்றதும் பெரும்பாலும் அந்த மேஜையைச் சுற்றித்தான். மஸ்தகி வளர்க்கும் இந்த அறிவையும் வழக்கத்தையும் யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது தகுதியான மரியாதை.

சுவர்ச் சித்திரங்களுக்கு வருவோம். க்ஸிஸ்தா என்று அவர்கள் வழங்கும் இந்த வேலைக்கு முதலில் கருமணலும் சுண்ணாம்பும் குழைத்துச் சுவரில் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அது முழுதும் உலர்வதற்குள், கவராயத்தாலும் கோலாலும் வட்டம், முக்கோணம், சாய்சதுரம், பிறை முதலிய உருவங்களைப் பட்டை பட்டையாக வரைந்து, முள்கரண்டி போன்ற கருவியால் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுரண்டுவார்கள். சுரண்டிய இடம் கறுப்பாகவும், விட்ட இடம் வெளுப்பாகவும் நிற்கும். ஜெனோவாவிலிருந்து வந்த கலை என்பார் சிலர். கான்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்தது என்பார் சிலர். இத்தாலியில் இதே முறை செழித்திருந்ததையும், தீவை இத்தாலியர் ஆண்டதையும் சேர்த்துப் பார்க்கையில் முதல் கட்சியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எங்கிருந்து வந்ததாயினும், அதை ஊர் முழுவதும், கோயில் முதல் கடை வரை, தன்னுடையதாக ஆக்கிக்கொண்டது பிர்கியே. கோடைக் கடைசியில் அந்தச் சித்திரச் சுவர்களுக்கு முன்னே மாடங்களிலிருந்து சிறு தக்காளிகளை நூலில் கோத்துச் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். குளிர்காலத்துக்கான உணவுச் சேமிப்பு அது.

சதுக்கத்தின் ஓரத்தில், ஒரு வளைவுக்குள் நுழைந்து சென்றால், பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் இருக்கிறது. சிறிய கட்டடம், தீவின் நடுவில் பதினோராம் நூற்றாண்டில் சக்கரவர்த்தி ஒன்பதாம் கான்ஸ்தன்தீன் எழுப்பிய நேயா மோனி மடாலயத்தின் கோயிலை மாதிரியாகக் கொண்டு செங்கல் வேலைப்பாட்டோடு கட்டப்பட்டது. 1665இல் அந்தோனியோஸ் என்ற கிரேத்தாத் தீவு ஓவியர் அதன் உட்சுவர்களில் தீட்டிய சித்திரங்கள் இன்னும் இருக்கின்றன. துருக்கிய ஆட்சியின் நடுவில், விளைச்சலின் பெரும் பங்கை வரியாக இழந்துகொண்டிருந்த ஒரு கிராமம், வெளியூரிலிருந்து ஓவியரை வரவழைத்துத் தன் ஆலயத்தை அலங்கரித்துக்கொண்டது என்பது அந்த ஜனங்களின் உள்ளத்தைப் பற்றி எனக்கு மிகுதியாகச் சொல்கிறது.

தற்காலத்தில் பிர்கியின் அருகே, தோப்புகளை நோக்கிய ஒரு சரிவில், மஸ்தகிக்கென்றே ஒரு காட்சிசாலை 2016இல் திறக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் ஐரோப்பிய மருந்து நிறுவனம், லேசான அஜீரணத்துக்கும் தோலில் ஏற்படும் சிறு அழற்சிக்கும் மஸ்தகியைப் பாரம்பரிய மருந்தாக ஏற்றுக்கொண்டது. பெயரை வேறொருவர் பயன்படுத்த முடியாதபடி, பிறப்பிடப் பெயருக்கான ஐரோப்பியப் பாதுகாப்பும் 1997 முதல் உண்டு. ஆயினும் 2012 ஆகஸ்டில் காட்டுத்தீ தெற்கிலும் மேற்கிலும் பரவிப் பெருந்தொகையான மஸ்தகி மரங்களை எரித்தபோது, இந்தப் பாதுகாப்புகளில் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. எரிந்த இடத்தில் கிளைகளை வெட்டி நட்டு, பல ஆண்டுகள் காத்திருப்பதைத் தவிர வேறு வழி அந்தக் குடும்பங்களுக்கு இல்லை, நட்டார்கள், காத்திருந்தார்கள்.

பிர்கிக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே செல்வோர் பெரும்பாலும் சதுக்கத்தில் இறங்கி, சுவர்களைப் படம் பிடித்து, ஒரு மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். அவ்விதம் செய்யாமல், ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ சென்று ஓரிரவாவது ஊரில் தங்கி, மறுநாள் விடியுமுன் தோப்புக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, அவர்களோடு சென்று வாருங்கள். மரத்தடியில் மண்டியிட்டு ஒரு மணி நேரம் பிசின் பொறுக்கிய பிறகு பார்த்தால்தான் அந்த ஊரின் சுவர்கள் விளங்கும்.